தெருவில் நின்று பார்க்கவும்

நான் குடியிருக்கும் மெல்பர்ன் புறநகரின் நூலகத்தில், வாசலை ஒட்டிய தட்டில் இலவசத் தாள்களை மடித்து அடுக்கி வைத்திருப்பார்கள். குப்பை வண்டி வரும் நாள், நீச்சல் வகுப்பு இவற்றோடு பழைய கட்டடங்களை நடந்து பார்க்க 'ஹெரிடேஜ் வாக்' என்று ஒரு தாள். ஒரு வரைபடம், அதில் வீடுகளுக்கு எண், ஒவ்வோர் எண்ணுக்கும் நாலு வரி விளக்கம். வழிகாட்டி யாரும் கிடையாது. தாளைப் பிடித்துக்கொண்டு நாமே நடந்து பார்த்துக்கொள்ள வேண்டியது. பார்க்கச் சொல்லியிருப்பதும் கோட்டையோ கோபுரமோ அல்ல. பழைய கசாப்புக் கடை, ரயில்வே தொழிலாளிகள் இருந்த தகரக் கூரை வீடு, குதிரைக்குத் தண்ணீர் காட்டிய கல்தொட்டி. எங்கள் கள்ளக்குறிச்சியில் இந்த வயதுள்ள கட்டடத்தைப் பார்த்தால், எப்போது இடிக்கப் போகிறீர்கள் என்றுதான் கேட்போம். தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: இந்த வீடுகளில் மக்கள் குடியிருக்கிறார்கள், தெருவில் நின்று பார்க்கவும்.

எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை. விடுமுறை நாளில் வீட்டில் தனியாக உட்கார்ந்தால் மனசு கண்டதையும் நினைக்கும் என்பதை, என்னைப் போல வெளிநாட்டில் பிழைப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் நடந்தேன். ஒரு புறநகர் முடிந்ததும் அடுத்ததன் தாளைத் தேடிப் பிடித்தேன். ஒரு நாள் ஒரு சின்ன வீட்டின் எதிரே நின்று, தாளையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர், வயதானவர், செடிக்குத் தண்ணீர் விட்ட குழாயைக் கீழே போடாமல் வேலி வரைக்கும் வந்தார். "நாட் ஃபார் சேல்" என்றார். "நோ, ஐ ஆம் ஒன்லி லுக்கிங்" என்றேன். வீடு வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது, அவர் முகம் இன்னும் இறுகிப் போனது. கடைசியில் தாளையே நீட்டினேன். தன் வீடு அதில் ஏழாம் எண் என்பது அவருக்கே தெரியாது. அதன் பிறகு என்னைக் கண்டால் கையசைப்பார். நானும் நடைபாதையில் இருந்தபடியே அசைப்பேன்.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனேன். அப்பா கட்டிய வீட்டில் இப்போது அக்கா மட்டும்தான். அத்தான் இறந்த பிறகு அங்கன்வாடிச் சம்பளத்திலேயே மகனைப் படிக்க வைத்தாள். அவன் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டான். அப்பா அம்மா இருவரும் இல்லை. வீட்டில் எனக்கும் அக்காவுக்கும் சரிபாதி. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே கிடையாது. எத்தனை வருஷம் கழித்துப் போனாலும், பையைக் கூடத்தில் போட்டுவிட்டு நேராக அடுப்படிக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் மொண்டு குடிப்பேன். "வந்துட்டியா" என்பாள் அக்கா. அவ்வளவுதான் வரவேற்பு.

மாவட்டத் தலைநகர் ஆனதிலிருந்து ஊர் ஒரு பக்கம் இடிவதும் ஒரு பக்கம் எழும்புவதுமாக இருக்கிறது. நம் ஊருக்கும் ஒரு தாள் தயாரித்தால் என்ன என்று தோன்றிவிட்டது. வெள்ளைத் தாளில் தெருக்களை வரைந்துகொண்டு, கைப்பேசியோடு காலையிலேயே கிளம்பினேன். பழைய ரைஸ் மில்லைப் படம் எடுத்தேன். மரத்தூண் வைத்த மளிகைக் கடை முன் நின்றதும் கடைக்காரர் வெளியே வந்தார்.

"இன்னா மேடம், ரோடு அகலம் பண்றாங்களா? எத்தினி அடி எடுக்கறாங்க?"

"அதெல்லாம் இல்லண்ணே. சும்மா பாக்கறேன்."

"சும்மா யாருங்க வெயில்ல நின்னு பாப்பாங்க? போன தபா வந்தவங்களும் இப்பிடித்தான் சொல்லிக்கினு இருந்தாங்க."

உள்ளே குரல் கொடுத்து எனக்குத் தண்ணீர் வரவழைத்தார். அடுத்த வீட்டு அம்மா நான் கேட்காமலே, "பட்டா எங்க பேர்லதாங்க கீது" என்று சொல்லி, அவரும் ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினார். அதிகாரிக்குக் கொடுக்கிற தண்ணீர். எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. கடைசியாக எங்கள் தெருவுக்கு வந்து, மேற்கே கல்வராயன் மலை நீலமாகத் தெரிய, எங்கள் வீட்டையும் நாலைந்து படம் எடுத்தேன். ஜன்னலில் அக்கா நின்றிருந்தாள். கையசைத்தேன். அவள் அசைக்கவில்லை.

மதியம் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். நான் ரசத்துக்குக் கை நீட்டியபோதுதான் வாய் திறந்தாள்.

"பாகம் கேக்கத்தான வந்துகீற? நேரா சொல்லேன். எதுக்கு வூட்டப் போட்டோ புடிச்சிக்கினு திரியற?"

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "இன்னாக்கா பேசற? வூட்டப் பாத்தேன், அவ்ளோதான்."

"வாங்கறவன் பாப்பான், அளக்கறவன் பாப்பான், பங்கு இருக்கறவன் பாப்பான். இதுல நீ யாரு?"

மெல்பர்ன் தாளைக் கைப்பேசியில் காட்டி விளக்கினேன். "அவங்களுக்கு வேற வேல இல்ல போல" என்றாள். பிறகு தட்டைப் பார்த்தபடியே, "இந்த வூட்ட வுட்டா எனக்குப் போக்கிடம் இல்ல ஜெசி" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் அப்பாவிடம் கெஞ்சுகிற குரலாக இருந்தது. என்னிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை.

இது வாய்வார்த்தையில் தீராது என்று தெரிந்துவிட்டது. லீவு முடிவதற்குள் பத்திரம் எழுதுபவரைப் பிடித்து, என் பாதியை அக்காவுக்கே விட்டுக்கொடுத்துப் பதிவு செய்தேன். பங்குக்காக நான் வரவில்லை என்பது சத்தியம். ஆனால் பதிவாளர் ஆபீசில் கையெழுத்துப் போடப் போகும் நேரத்தில், 'வேணாம் ஜெசி, இருக்கட்டும்' என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அதுவும் சத்தியம்தான். அவள் மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வலித்தது.

ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். வரும் வழியெல்லாம் அக்கா என் தோளில் சாய்ந்திருந்தாள். இறங்கியதும் பூட்டைத் திறந்து அவசரமாக உள்ளே ஓடினாள். நான் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று, தாளுக்காக இன்னொரு படம் எடுத்தேன். பிறகு உள்ளே போய், வழக்கம்போலப் பையைக் கூடத்தில் போட்டுவிட்டு அடுப்படிப் பக்கம் நடந்தேன்.

அக்கா எதிரே வந்துவிட்டாள். நாற்காலியை முந்தானையால் துடைத்து, "உக்காரு ஜெசி, வெயில்ல வந்துகீற" என்றாள். அவள் கையில் ஒரு தட்டு. தட்டின் மேல், கோயில் ஃபாதர் வீட்டுக்கு வந்தால் மட்டும் ஷோகேஸிலிருந்து எடுக்கிற கண்ணாடி டம்ளரில், விளிம்பு வரைக்கும் தண்ணீர். அவள் கண்ணில் அத்தனை அன்பு இருந்தது. உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தேன். அவளுக்குப் பின்னால், அடுப்படியில் குடம் இருந்தது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து நன்றாகப் பார்க்க முடிந்தது.