வேலைநிறுத்தத்துக்குத் தாமதமாக வந்தவர்

சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர். தீயணைப்பு நிலையத்தில் எல்லாருக்கும் அவர் ‘ரெஜிஸ்டர்’. பம்பு வண்டியின் ஓட்டுநர், வயது ஐம்பத்து நான்கு. தலையில் முடி குறைவு, பேச்சில் வார்த்தை குறைவு. ஒழுங்கில் மட்டும் ஒரு குறையும் கிடையாது.

அந்தப் பட்டப்பெயர் வந்த கதை எளியது. அந்த நிலையத்தில் ஷிப்ட் மாறும்போது ஒரு வழக்கம் உண்டு. போகிறவர் வண்டிக்கு ஒருபுறமும் வருகிறவர் மறுபுறமும் நிற்பார்கள். போகிறவர் ஒவ்வொரு பொருளாகச் சொல்வார். வருகிறவர் அதைத் தொட்டு “வந்தது” என்பார். கடைசியில் பம்பை ஓட்டித் தண்ணீர் பாய்ச்சிப் பார்த்து, ரெஜிஸ்டரில் கையெழுத்து போட்ட பிறகுதான் சாவி கை மாறும். மற்றவர்கள் இதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு டீக்கடைக்குப் போவார்கள். இவரிடம் அது முப்பத்தைந்து நிமிடம். ஒருமுறை பல்வலியோடு வந்தவரைக்கூட விடவில்லை. அந்த மனிதர் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாற்பத்திரண்டு தடவை “வந்தது” சொன்னார்.

அந்த வருஷம் அரசாங்கம் ஒரு புது விதி கொண்டுவந்தது. அதுவரை ஐம்பத்தைந்தில் முழு ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போகலாம். இனி அறுபது வரை வேலை செய்ய வேண்டும். வருஷா வருஷம் ஏணி ஏறிக் காட்டும் உடற்தகுதித் தேர்வு உண்டு. நடுவில் தோற்றால் வீட்டுக்கு அனுப்புவார்கள், ஓய்வூதியத்திலும் வெட்டு விழும்.

ரெஜிஸ்டருக்கு இடது முழங்கால் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. புகை நிறைந்த படிக்கட்டில் ஒரு ஆளைத் தோளில் போட்டு இறங்கியபோது போனது அது. உட்கார்ந்து எழுந்தால் சத்தம் போடும்.

“காலிங் பெல்லே வேண்டாம். நீங்க வர்றத உங்க முட்டியே சொல்லிடுது” என்பாள் மனைவி. அவள் வீடுகளுக்குப் போய்ப் படுக்கை நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவள். முட்டியைத் தொட்டாலே அவளுக்குத் தெரியும், அது எத்தனை நாள் தாங்கும் என்று. ஏணித் தேர்வு வரைக்கும் தாங்காது. அதை அவள் மறைக்கவுமில்லை, அழவுமில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. காலை எட்டு முதல் இரண்டு வரை. சங்கச் செயலாளரை எல்லாரும் ‘மைக்’ என்பார்கள், அவருக்கு மைக் தேவைப்படாது என்பதால். ரெஜிஸ்டரும் கை தூக்கி ஆதரித்தார். அவரைவிட அதிகமாக அந்த விதி கடிக்கப்போகும் ஆள் அங்கே யாருமில்லை.

சிக்கல் மூன்றாவது மாடியிலிருந்து வந்தது. அப்போது மனைவி அங்கே பார்த்துக்கொண்டிருந்தது ஒரு பழைய தையல்காரரை. இடுப்புக்குக் கீழே அசைவில்லை, நாக்குக்கு மட்டும் ஓய்வில்லை.

“ஏம்மா, உன் வீட்டுக்காரரு கொடி பிடிக்கப் போறாராமே? அன்னிக்கு இங்க தீ பிடிச்சா என்ன யாரு இறக்குவா? நீயா?”

“நான் இறக்குவேன். போர்வையில உருட்டி இழுத்துட்டுப் போவேன். உங்க எலும்புக்கு நான் பொறுப்பில்ல.”

“அவங்க கேக்கறது நியாயம்தான். இல்லேங்கல. ஆனா நான் கேக்கறதும் நியாயம்தானே?”

வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிக் கணவரிடம் கேட்டாள்.

“வேலைநிறுத்தம் செய்யுங்க. உங்க முட்டிக்காக நானே வந்து கோஷம் போடுவேன். ஆனா வண்டிய யார் கையில குடுத்துட்டுப் போறீங்க?”

“மேலிடத்துல ஆள் போடறாங்களாம். நம்ம நிலையத்துக்கு நிலைய அதிகாரியே பம்பு பாத்துக்கறாராம்.”

“அவரா? அவரு பம்ப தொட்டு எத்தன வருஷம் ஆச்சு? என் பேஷண்ட அடுத்த ஆள் வந்து பாக்காம நான் வாசப்படி தாண்டினதில்ல. அவ்வளவுதான் சொல்வேன்.”

அவரும் அவ்வளவுதான் கேட்டுக்கொண்டார்.

அன்று காலை ஏழேகாலுக்கு ரெஜிஸ்டர் வண்டி அருகே நின்றார். வாசலுக்கு வெளியே மைக்கும் முப்பது பேரும் கறுப்புப் பட்டையோடு கூடியிருந்தார்கள். நிலைய அதிகாரி ஏழு நாற்பதுக்குத்தான் இஸ்திரி கலையாத சட்டையோடு வந்தார். வயது ஐம்பத்தேழு, மேசையில் பன்னிரண்டு வருஷம். போன வாரம் பத்திரிகைக்காரர்களிடம், “அறுபது வயசெல்லாம் ஒரு வயசா? என்னையே பாருங்க” என்று மார்பு நிமிர்த்தியவர்.

“எல்லாம் வந்ததுன்னு எழுதிக்கோப்பா. சாவியக் குடு.”

“முதல் பொருள், கைக்கோடரி ரெண்டு, சார்.”

“விளையாடறியா?”

“தொட்டுப் பாருங்க, சார்.”

வெளியே சிரிப்பு கிளம்பியது. அதிகாரிக்கு வேறு வழியில்லை. தொட்டார். “வந்தது” என்றார். ஏணி வந்தது, விளக்கு வந்தது, கயிறு வந்தது. எட்டு மணி அடித்தது. வேலைநிறுத்தம் தொடங்கியது.

“யோவ் ரெஜிஸ்டர், வெளிய வாய்யா!” மைக்கின் குரல் கூரையைத் தட்டியது.

“இருபத்தாறுலதான் இருக்கேன், தம்பி!”

முப்பத்தெட்டாவது பொருள் உறிஞ்சு குழாய். தொட்டியிலிருந்து தண்ணீர் இழுக்கும் தடித்த குழாய் அது, கனமோ கனம். வண்டியின் மேலிருந்து இரண்டு பேர் இறக்க வேண்டும். ரெஜிஸ்டர் ஒரு முனை, அதிகாரி மறுமுனை. அதிகாரி இடுப்பைத் திருப்பி இழுத்தார். “ஹக்” என்று ஒரு சத்தம். அப்படியே பாதி குனிந்தபடி நின்றுவிட்டார்.

வாசலில் ஒருவன் விசில் அடித்தான். ரெஜிஸ்டர் சிரிக்கவில்லை. குழாயைத் தரையில் வைத்துவிட்டு, அக்குளுக்குக் கீழே கை கொடுத்து, மனைவி நோயாளிகளைத் தூக்குகிற முறையில் தூக்கினார்.

“திரும்பாதீங்க, சார். முட்டிய மடக்குங்க. என் மேல சாயுங்க. மூச்ச விடுங்க.”

பெஞ்சில் படுக்க வைத்ததும் அதிகாரி முனகினார். “இத ரெஜிஸ்டர்ல எழுதாதே.”

“நான் எழுத மாட்டேன், சார். வண்டிய எடுத்துக்கறவங்கதான் எழுதணும்.”

இப்போது வண்டி யார் பொறுப்பு? எடுக்க வந்தவர் மல்லாந்து கிடக்கிறார். ரெஜிஸ்டர் வாசலைப் பார்த்தார். இருபது அடி தூரம். அந்த இருபது அடியைத் தாண்டினால் அவருடைய முட்டிக்காக நடக்கும் போராட்டத்தில் அவரும் இருப்பார். தாண்டினால் மூன்றாவது மாடிக்கு யாரும் இல்லை. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். தன் கையில் கட்டியிருந்த கறுப்புப் பட்டையைக் கழற்றவில்லை.

மைக் வாசலிலேயே குதித்தார். “கருங்காலின்னு பேர் வாங்கப் போறியா, அண்ணே?”

“யாராவது எடுத்துக்க வரட்டும், தம்பி. வந்த நிமிஷம் வந்துடறேன்.”

“யாரு வருவா?”

“உனக்குத்தான் தொண்டை இருக்கே. மேலிடத்துக்குப் போன் போட்டுக் கத்து.”

மைக் கத்தினார். தன் வேலைநிறுத்தத்தை உடைக்கத் தானே ஆள் கேட்ட சங்கச் செயலாளர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். பத்தே காலுக்குப் பயிற்சிப் பள்ளியிலிருந்து திடகாத்திரமான ஒரு பயிற்சியாளர் வந்து இறங்கினார். ரெஜிஸ்டர் இருக்கையிலிருந்து இறங்கினார். முட்டி சத்தம் போட்டது.

“முதல் பொருள், கைக்கோடரி ரெண்டு.”

“அய்யோ, மறுபடியும் முதல்லேந்தா!” என்று முப்பது பேரும் ஒரே குரலில் அலறினார்கள்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் வாசலைத் தாண்டினார். கைதட்டல் காதைப் பிளந்தது, பாதி கேலி, பாதி நிஜம். மைக் வருகைத்தாளில் எழுதிக்கொண்டார். “வேலைநிறுத்தத்துக்கே லேட்டா வந்த ஒரே ஆளு நீதான்யா.” அன்றைய சம்பளம் முழுதாகவே பிடிக்கப்பட்டது.

ஆனால் அதிகாரி, பெஞ்சில் ஒருக்களித்தபடியே, ரெஜிஸ்டர் புத்தகத்தில் குறைபாடு என்ற கட்டத்தில் தன் கையால் எழுதியிருந்தார்: ‘உறிஞ்சு குழாய் நல்ல நிலையில் உள்ளது. தூக்கியவர்கள் அந்த நிலையில் இல்லை. ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்கு முதுகு.’ யாரும் எழுதச் சொல்லவில்லை. வலிக்கிற முதுகு மனிதனைச் சில சமயம் நேர்மையாக்கும். மைக் அந்தப் பக்கத்தை நகலெடுத்துப் பேச்சுவார்த்தை மேசையில் வைத்தார். அறுபது அறுபதாகவே நின்றது. ஆனால் ஐம்பத்தைந்து ஆனவர்கள் தேர்வில் தோற்றால் வீட்டுக்கு அனுப்பக் கூடாது, உட்கார்ந்து செய்யும் வேலை தர வேண்டும், ஓய்வூதியத்தில் கை வைக்கக் கூடாது என்று முடிவானது.

ரெஜிஸ்டர் அடுத்த வருஷம் ஏணித் தேர்வில் நாலாவது படியில் தோற்றார். இப்போது கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி எடுக்கிறார். “படி ஏறாத வேலை. முட்டி இன்னும் இருபது வருஷம் ஓடும்” என்று மனைவி கணக்குச் சொல்லிவிட்டாள். தையல்காரர் இன்னும் மூன்றாவது மாடியில்தான், இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்.

மதியம் இரண்டு மணிக்கு ரெஜிஸ்டரை விடுவிக்க ஒரு பெண் வருகிறாள்.

“தொலைபேசி மூணு.”

“வந்தது.”

“பேனா ரெண்டு. சுவர்க் கடிகாரம் ஒண்ணு. வரைபடம் ஒண்ணு.”

“வந்தது, வந்தது, வந்தது.”

“நாற்காலி ஒண்ணு.”

“அண்ணே, நீங்க எழுந்திரிச்சாத்தானே நான் அதத் தொட முடியும்?”

முட்டி சத்தம் போட்டது. அவர் எழுந்தார்.