மோந்து பார்க்கிறவர்

முனிராஜ் எதையும் மோந்து பார்த்துத்தான் நம்புவார். பங்கில் பெட்ரோலை, காலையில் பால் பாக்கெட்டை, ஹோட்டலில் வைக்கும் தண்ணீர் டம்ளரை. கல்யாணமான புதிதில் ஸ்ரீதேவி வைத்த குழம்பையும் மோந்து பார்த்தார்.

"விஷம் வைக்கணும்னா வாசனை இல்லாததாப் பார்த்து வாங்குவேன். சும்மா சாப்பிடு" என்றாள் அவள். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாயையும் மோந்துவிட்டே சாப்பிட்டார்.

அவருடைய அப்பா ஹனூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்தவர். முனிராஜ் பன்னிமண்டபத்தில் டூ ஸ்ட்ரோக் பைக்குகள் பார்க்கும் பட்டறை ஒன்றில் சேர்ந்தார். அங்கே யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. முக்கியமான இடம் வந்தால் மெக்கானிக் திரும்பி நின்றுகொள்வார். முதுகுகளுக்கு நடுவே எட்டிப் பார்த்துத்தான் தொழில் படிந்தது. பிறகு அவரும் அப்படியே முதுகைக் காட்டி வேலை செய்தார்.

டூ ஸ்ட்ரோக் பைக்குகள் குறைந்தபோது வரத் சாரின் படகுத்துறைக்கு வந்தார். வரத் வீடு விஜயநகரில், துறை ஊருக்கு வெளியே ஏரியில். அங்கே ஒரு ஜெட் படகு இருந்தது. அடியில் விசிறி கிடையாது. தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கம் பீய்ச்சிக்கொண்டு ஓடும். எஞ்சின் டூ ஸ்ட்ரோக், பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் முனிராஜ் ஓட்டுவார். வளைத்துத் திருப்பினால் ஏறியிருப்பவர்கள் கூச்சலிடுவார்கள். வாழ்க்கையில் அவருக்குப் பிடித்திருந்த ஒரே வேலை அது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

மழை பொய்த்தது, ஏரி இறங்கியது. படகைத் தகரக் கொட்டகையில் ஏற்றிவிட்டு முனிராஜ் ஒரு அபார்ட்மெண்டில் தண்ணீர் மோட்டார் போடும் வேலைக்குப் போனார். மூன்று வருஷம் போயிற்று. இப்போது ஏரி நிறைந்துவிட்டது.

வரத் கூப்பிட்டார். "எஞ்சின் நன்னா இருந்தா நாமே ஓட்டலாம், நீங்க திரும்பி வந்துடுங்க. போயிடுத்துன்னா சாயங்காலம் ஒரு ஆள் வர்றான், அவன்கிட்ட தள்ளிடுவேன்."

பழைய பெட்ரோலை இறக்கினார். தானே வாங்கி வந்ததை ஊற்றினார். பிளக்கைக் கழற்றிப் பார்க்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் அதை மாட்டி மூடியது அவர்தான். தன் வேலையில் மட்டும் அவருக்குச் சந்தேகம் வராது.

எஞ்சின் முரண்டு பிடித்துக் கிளம்பியது. கொட்டகை காணாமல் போயிற்று. அவ்வளவு புகை. தண்ணீருக்கு வெளியே அதிக நேரம் ஓட்டக்கூடாது என்று உடனே நிறுத்தினார். புகை மட்டும் தகரத்துக்கு அடியில் தொங்கியது.

"ஏனப்பா முனி, கொசுவுக்கா?" என்று வெளியிலிருந்து இருமினார் வாட்ச்மேன் கெம்பையன்.

வரத் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "மூடி வெச்ச வண்டி மாதிரி இல்லையே. யாரோ ஓட்டியிருக்கா. சாவி யார்கிட்ட இருந்தது?"

"வாட்ச்மேன் கெம்பண்ணாகிட்ட சார்."

"நீங்க இந்தப் பக்கம் வரவே இல்லையா?"

"இல்ல சார்."

வரத் நம்பியதாகத் தெரியவில்லை. "சாயங்காலத்துக்குள்ள புகை நிக்கலைன்னா படகும் போகும், வாட்ச்மேனும் போவான்" என்று சொல்லிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்தார்.

இறக்கிய பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார் முனிராஜ். அடியில் தண்ணீர் தங்கவில்லை. யாரும் பெட்ரோலைத் திருடிவிட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் வெறும் ஆவியாக வந்து கலைந்துவிடும். இது நீலம் பாய்ந்து, கலையாமல் நின்றது. எண்ணெய்தான். மோந்தார். எரிந்த எண்ணெய்க்கு அடியில் இன்னொரு வாடை. விளக்கெண்ணெய்!

நல்ல ஆயிலை விற்றுவிட்டு இதை ஊற்றி வைத்திருக்கிறான் கெம்பண்ணா. முனிராஜுக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. ஆயில் டேங்கைத் திறந்தார். அளவு அவர் விட்ட இடத்திலேயே இருந்தது. மோந்தார். சுத்தமான டூ ஸ்ட்ரோக் ஆயில். சந்தோஷம் போயிற்று.

பிளக்குகளைக் கழற்றினார். இரண்டும் சொட்டின. எஞ்சினைச் சுற்றவிட்டதும் ஓட்டைகளிலிருந்து கெட்டியாக எண்ணெய் பீய்ச்சிச் சட்டையை நனைத்தது. எஞ்சின் மூடியைத் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் குங்குமம். ஓரத்தில் காய்ந்த செவ்வந்தி இதழ்கள்.

"கெம்பண்ணா, இங்க வா. இது என்ன?"

"குங்குமம்."

"தெரியுது. உள்ள என்ன ஊத்தின?"

கெம்பையன் தாடையைச் சொறிந்தார். "ஆயுத பூஜையன்னிக்கு ஓட்டை சைக்கிளுக்குக் கூட மாலை போடறாங்க. இது மட்டும் அனாதை மாதிரி நின்னுச்சு. பூசணிக்காய் ஒடச்சேன். தீபத்துக்குக் கொண்டாந்த வெளக்கெண்ணெய் மிச்சம் இருந்துச்சு, விட்டேன்."

"எஞ்சின்லயா? எவன் சொன்னான் உனக்கு?"

"நீதான். மூடறப்போ அந்த ஓட்டையில எண்ணெய் விட்டியே. துருப்பிடிக்காம இருக்கத்தானே?"

"நான் விட்டது ஆயில் டப்பா மூடியால ரெண்டு!"

"அது எனக்கெப்படித் தெரியும்? முதுகைக் காட்டிட்டு நின்னே. நீ விட்டுட்டுப் போன ஸ்பேனரால பிளக்கைக் கழட்டி, வருஷத்துக்கு ஒரு கிண்டி விட்டேன்."

முனிராஜ் பிளக்கைத் துணியில் துடைத்தார். பிறகு, "ஓட்டிப் பார்க்கலையே?" என்றார்.

"ஓட்டறதா! எனக்கு நீச்சலே தெரியாது. குளிக்கறதே செம்புல மொண்டுதான்."

எண்ணெய் வருவது நிற்கும்வரை எஞ்சினைச் சுற்றவிட்டுத் துடைத்தார். புது பிளக் மாட்டினார். படகைத் தண்ணீரில் இறக்கி, துறையில் கட்டிப்போட்டு ஓடவிட்டார். சைலென்சரில் தங்கியிருந்ததும் எரிய வேண்டும். புகை ஏரி மேல் படர்ந்தது. கெம்பையன் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார். முனிராஜ் குனிந்து குனிந்து மோந்தார். நெடுநேரம் கழித்து எதிர்க்கரைத் தென்னைகள் தெரிந்தன. பிறகு தென்னைகளுக்குக் கீழே நின்ற மாடுகளும் தெரிந்தன.

வரத் காரிலிருந்து இறங்கி வந்தார். "எதனால வந்துது?"

"மூடறப்போ உள்ள விட்ட எண்ணெய் சார். கொஞ்சம் ஜாஸ்தி."

"யார் விட்டது?"

முறுக்கின துண்டு அசையவில்லை.

"நான்தான் சார்."

வரத் மூக்கை உறிஞ்சினார். "விளக்கெண்ணெய் வாடை அடிக்கறதே?"

"காலையில தலைக்குத் தேச்சிட்டு வந்தேன் சார்."

வரத் முனிராஜின் வழுக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எஞ்சினைப் பார்த்தார். பின்னால் தண்ணீர் சுத்தமாகப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. போனை எடுத்து, சாயங்காலம் வர வேண்டாம் என்று யாரிடமோ கன்னடத்தில் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமைலேருந்து வந்துடுங்க, முனிராஜ். கொட்டகைச் சாவி இனிமே என்கிட்ட இருக்கட்டும்."

கெம்பையன் சாவியைக் கொடுத்தார். கார் போயிற்று.

"இந்த வருஷ பூஜைக்கு?" என்று கெம்பையன் மெதுவாகக் கேட்டார்.

"பூவும் பொட்டும் போதும்."

முனிராஜ் பிளக் ஸ்பேனரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இரண்டடி நடந்ததும், இருக்கிறதா என்று பையைத் தொட்டுப் பார்த்தார்.