கழி முறிந்ததை நான் எழுதவில்லை

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டே முக்காலுக்கு, சித்தூர் பேருந்து நிலையத்தில் என் மகன் குமரேசனின் வலது தொடையெலும்பு முறிந்தது. அவனுக்கு வயது இருபத்திரண்டு. வண்டி நின்றுவிட்டிருந்தது. யாரும் தள்ளவில்லை. கடைசிப் படியிலிருந்து இறங்கித் தரையில் கால் வைத்தான். முருங்கைக் கிளை ஒடிவதுபோல ஒரு சத்தம். பின்னால் நின்ற எனக்கே கேட்டது. முட்டிக்கு மேலே, மடங்கக் கூடாத இடத்தில் கால் மடங்கியிருந்தது. அவன் கத்திய கத்தலில், எதிர்க்கடையில் வடை போட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

அடிக்கடி எலும்பு முறியும் பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சித்தூரில் மாம்பழக் கூழ்த் தொழிற்சாலையில் எடை போடும் வேலை எனக்கு. கல்யாணமான நாளிலிருந்து தினமும் நாட்குறிப்பு எழுதுகிறேன். கிழமை, நேரம் தவறாது. அதில் எனக்குக் கர்வமும் உண்டு. ஒரே ஒரு வரி பொய்.

சித்தூர் மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்துப் பார்த்தார். எலும்பின் ஓரங்கள் காகிதம்போல மெலிந்திருப்பதாகச் சொல்லித் திருப்பதிக்கு அனுப்பினார். ஆம்புலன்ஸில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஒவ்வொரு வேகத்தடையிலும் குமரேசன் என் முன்கையைக் கடித்தான். பல் பதிந்த தடம் ஒன்பது நாள் இருந்தது.

மறுநாள் அறுவை சிகிச்சை. எலும்புக்குள் நீளமான உலோகக் கம்பியைச் செலுத்தினார்கள். யாரோ கதவைத் திறந்து மூடிய இடைவெளியில் சுத்தியல் சத்தம் கேட்டது. தச்சுப்பட்டறையில் கேட்கும் அதே சத்தம். பதினோரு அடி எண்ணினேன். பிறகு கதவு மூடிக்கொண்டது.

பிறகு எலும்பு அடர்த்திச் சோதனை (படுக்க வைத்து இடுப்பு, முதுகெலும்பின் கனத்தை அளக்கும் ஸ்கேன்). அவன் வயதுக்கு இருக்கவேண்டியதைவிட மிகக் குறைவு என்றார் மருத்துவர். தெலுங்குக்காரப் பெண்மணி, எங்களுக்காகத் தமிழில் பேசினார். சிறுவயதிலும் வாலிபத்திலும் சேரும் கனம்தான் ஆயுள் முழுக்கத் தாங்குமாம். முப்பதை ஒட்டி அந்தச் சேர்ப்பு நின்றுவிடுமாம். எலும்பு சேர்க்கக் குமரேசனுக்கு மீதி ஏழெட்டு ஆண்டுகள்.

முன்பு எத்தனை முறை முறிந்தது என்று கேட்டார். மனைவியிடம் சொல்லி நாட்குறிப்புகளைப் பேருந்தில் வரவழைத்தேன். ஏழு வயதுக்கும் பதின்மூன்றுக்கும் இடையில் மூன்று தடவை. எங்கள் பக்கத்தில் எலும்பு என்றால் புத்தூர் கட்டுதான்: பச்சிலை, முட்டை வெள்ளை, மூங்கில் பத்தை. மூன்று தடவையும் நன்றாகவே கூடியது. கூடிவிட்டதால் ஏன் முறிந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. சேர்த்துவைப்பது கட்டுகிறவர் வேலை. கேட்பது பெற்றவர்கள் வேலை.

மருத்துவர் வேறொன்றையும் கண்டுபிடித்தார். சிறுவயதில் அவனுக்கு மூச்சிளைப்பு. யாரோ ஒரு டாக்டர் ஐந்து நாளுக்கு எழுதிக்கொடுத்த சிறு வெள்ளை மாத்திரையை, இளைப்பு வந்தபோதெல்லாம் மருந்துக்கடையில் நானே கேட்டு வாங்கிக் கொடுத்தேன். வளர்ந்த பிறகு அவனே வாங்கிக்கொண்டான். அது ஸ்டீராய்டு (வீக்கத்தைத் தணிக்கும் மருந்து, நெடுங்காலம் தின்றால் எலும்பை அரிக்கும்). 'மாத்திரை கொடுத்தேன்' என்ற வரி வந்த இடமெல்லாம் அவர் பென்சிலால் புள்ளி வைத்தார். பக்கம் பக்கமாகப் புள்ளிகள்.

"இவ்ளோ ஒழுங்கா யாரும் எழுதி வச்சதில்ல சார்" என்றார். அது பாராட்டு அல்ல.

பிறகு ஒவ்வொரு முறிவாகக் கேட்டார். லேசான விழுகையில் முறிந்திருந்தால் நோய்க் கணக்கில் சேரும். பெரிய அடியென்றால் சேராது. முதலாவது, பம்படியில் வழுக்கியது. அடுத்தது, பள்ளி பெஞ்சிலிருந்து சரிந்தது. மூன்றாவதை நான் வாசித்தேன்: "சைக்கிளிலிருந்து விழுந்தான். இடது கை. மாத்திரை கொடுத்தேன்."

கட்டிலிலிருந்து குமரேசன், முகத்தைத் திருப்பாமலே கேட்டான்.

"நம்ம ஊட்ல அப்போ சைக்கிள் ஏது நைனா?"

சொன்னேன். அவனுக்குப் பதின்மூன்று வயது. மாத்திரை கசக்கிறது என்று துப்பினான். மறுபடி கொடுத்தேன், மறுபடி துப்பினான். மூன்றாவது தடவை என் சட்டையில் துப்பினான். வேப்பங்கழியை எடுத்தேன். தலையைக் காக்க அவன் கையைத் தூக்கினான்.

"எவ்ளோ பலமா அடிச்சீங்க? எனக்குத் தெரியணும்" என்றார் மருத்துவர்.

ஸ்கேன் முடிவு வந்த நாளிலிருந்து எனக்குள் ஒரு நம்பிக்கை வளர்ந்திருந்தது. அந்தக் கையை முறித்தது நானல்ல, நோய்தான். ஒரு சொல் போதும்.

"லேசாத்தான்" என்றேன்.

"கழி ரெண்டா போச்சி மேடம்" என்றான் அவன். "எல்லாத்தயும் எய்துவாரு. அத மட்டும் எய்தல."

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். மூன்றாவது முறிவின்மேல் குறுக்கே கோடு போட்டார்.

"அப்போ இது கணக்குல வராது. அந்த அடிக்கு நல்ல எலும்பே ஒடியும்."

மற்ற இரண்டும், தொடையும், ஸ்கேனும் நோயை உறுதிசெய்யப் போதுமாக இருந்தன. ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் மருந்து, சுண்ணாம்புச்சத்து, வைட்டமின் டி, வெயில், இளைப்புக்கு மாத்திரைக்குப் பதில் இன்ஹேலர் (நேராக மூச்சுக்குள் இழுக்கும் மருந்து). ஸ்டீராய்டைச் சட்டென்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; அதுவும் ஆபத்து, மருத்துவர் சொல்லிக் குறைக்க வேண்டும். கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் அடித்ததாக இருந்தாலும்.

அன்று மாலை அந்தப் பழைய வரியை அடித்துவிட்டு, கீழே நடந்ததை எழுதினேன். கழி முறிந்ததையும், வலியில் அழுதவனின் வாயைப் பிளந்து அன்றே அந்த மாத்திரையைப் போட்டதையும். வாசித்துக் காட்டவா என்று கேட்டேன். "எனுக்குத் தெரியும்" என்றான்.

முப்பத்தொன்பதாவது நாள், வெள்ளிக்கிழமை, திருப்பதி மருத்துவமனை நடைகூடத்தில் வாக்கரைப் பிடித்து நடந்தான். காலில் பாரம் விழுந்தால்தான் எலும்பு தடிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் கால் ஊன்றுவதற்குள் எனக்கு அந்த முருங்கைச் சத்தம் கேட்டது. என்னையறியாமல் கை நீண்டது. அவன் தோள் சட்டென்று ஒடுங்கியது.

"புடிக்காத நைனா" என்றான். "கூட வா."

முன்பெல்லாம் நான் கடந்த நாட்களை எண்ணுகிறவன். இப்போது அவன் முப்பதை எட்ட மீதியுள்ள மாதங்களை எண்ணுகிறேன். கைகளைப் பின்னால் கட்டி, வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் நடந்தேன். தோலுக்கடியில் என் எலும்பு தடிப்பாக, உறுதியாக இருந்தது.