துரை காரின் ஹேண்டில்

அந்தக் கிராணியை நினைச்சா இன்னிக்கும் பல்லை நறநறன்னு கடிக்கத் தோணுது.

பினாங்கு பீச் ஸ்திரீட்டுல ஒரு அரிசிக் கம்பெனி. துரைக்குக் கார் ஓட்ட ஆள் வேணும்னாங்க. நான் அப்போ ரப்பர் தோட்டத்துல லாரி ஓட்டிக்கிட்டிருந்தேன். ஆபீசைக் கட்டி ஆண்ட பெரிய கிராணி, அதான் தலைமைக் குமாஸ்தா, என் லைசென்சைப் பார்த்துட்டு, "அந்த வேலையை விட்டுட்டு வா தம்பி. துரை சீமையிலிருந்து திரும்பினதும் இது உனக்குத்தான்"னான். நம்பி விட்டேன். தோட்டத்து வீடும் போச்சு. நிறைமாசப் பெண்டாட்டியோட ஒரு சந்துல ஒண்டிக்கிட்டேன்.

அப்புறம்தான் சோதனைன்னு ஆரம்பிச்சான். "ஓட்டிக் காட்டு, பார்ப்போம்." ஒருநாள் அவன் குடும்பத்தைத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏத்திக்கிட்டுப் போனேன். இன்னொருநாள் மாமியாரை ஆயர் ஈத்தாமுக்கு. என்னைச் சோதிக்கிறேன்னு அவன் மச்சான் பக்கத்து சீட்டுல வெத்தலை மென்னுக்கிட்டு உட்கார்ந்திருப்பான். திரும்பி வந்ததும் கிராணி, "கியர் மாத்துறப்போ சத்தம் வருதே. நாளைக்கு வா, பார்ப்போம்"பான். வீட்டுல ஒருவேளைக் கஞ்சிதான்.

கடைசியில வாசல்ல காவல் இருந்த ஜாகா மனசு கேட்காம சொன்னாரு. "டிரைவர் வேலைக்கு எப்பவோ ஆள் போட்டாச்சு. அந்த மச்சான்தான் டிரைவர். அவனுக்கு ஓட்டத் தெரியாது. அதான் உன்னை ஓட்ட விடுறாங்க."

அடப்பாவிகளா! தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காம தினமும் போய் ஓட்டினேன். துரை கப்பல்ல வந்து இறங்குற நாளுக்காகக் காத்திருந்தேன்.

அன்னிக்கும் என்னையே ஓட்டச் சொன்னாங்க. துறைமுக ஜெட்டியிலிருந்து துரையும் கிராணியும் பின்னால. மச்சான் என் பக்கத்துல, புதுக் கோட்டு மாட்டிக்கிட்டு. மாட்டு வண்டியும் ரிக்‌ஷாவும் முட்டி மோதுற நடுரோட்டுல காரை அணைச்சேன். முன்னால ஹேண்டிலைச் சொருகிச் சுத்தினாத்தான் அந்தக் கார் மறுபடி கிளம்பும். அந்த ஹேண்டிலை எடுத்து மச்சான் மடியில வச்சேன். துரைக்குப் புரியட்டும்னு மலாய்லயே உரக்கச் சொன்னேன். "துரை, உங்க சம்பளம் வாங்குற டிரைவர் இவர்தான். இவரே ஓட்டட்டும்."

மச்சானுக்கு அதை எங்கே சொருகணும்னே தெரியலை. துரை முகம் சிவந்து கத்துறாரு. நான் காரை விட்டுட்டுப் போக, கிராணி என் பின்னாலயே ஓடி வந்து கையெடுத்துக் கும்பிட்டான். "தம்பி, என் மானத்தைக் காப்பாத்துடா. வேலை உனக்குத்தான், சத்தியமா!"

ஆகா, அந்த மூஞ்சியைப் பார்க்கத்தானே காத்திருந்தேன்!

"கும்பிடுறப்போ கை நடுங்குதே ஐயா. நாளைக்கு வாங்க, பார்ப்போம்"னுட்டு நடந்தேன்.

அன்னிக்கே ரெண்டு பேருக்கும் சீட்டுக் கிழிஞ்சுது. எனக்கும் வேலை இல்லைதான். ஆனா ராத்திரி குடிச்ச கஞ்சி அமிர்தமா இறங்குச்சு.