சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கப்புச்சினோ

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு நவம்பர் சனிக்கிழமை. ஒஸ்லோவில், ஹொல்ம்லியாவில் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. மகள் விரும்பிய இத்தாலியப் பையன், தன் தாயை முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவதாக இருந்தது. அந்த அம்மா இதற்காகவே இத்தாலியிலிருந்து வந்திருந்தார்.

என் கணவருக்கு இந்தச் சம்பந்தத்தில் துளியும் விருப்பமில்லை. "ஒருக்கா வரட்டும். எனக்குப் பிடிக்கேல்லையெண்டால் இந்தக் கதையை இதோட விட்டிடோணும்" என்று சொல்லிவிட்டார். மகள் அவருக்கும் மேல். "அப்பா அவையளை மதிக்கேல்லையெண்டால் நான் வீட்டை விட்டுப் போறன்" என்றாள். சொன்னால் செய்கிறவள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் நான்தான்.

ஒரு கிழமையாக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களைக் குடிக்க ஏதும் கொடுக்காமல் அனுப்பலாமா? தேநீர் எல்லோரும்தான் கொடுப்பார்கள். அவர்கள் ஊர்க் கப்புச்சினோவையே போட்டுக் கொடுத்து அசத்திவிடலாம் என்று, மகளுக்குக்கூடச் சொல்லாமல் முடிவெடுத்தேன்.

வேலைக்குப் போகும் ரயிலில் கைபேசியில் அதே காணொளிகள்தான். கப்புச்சின் என்ற கிறிஸ்தவத் துறவிகள் அணியும் பழுப்பு அங்கியின் நிறத்தில் இருப்பதால் அந்தப் பெயராம். வியன்னாக்காரர்கள்தான் முதலில் கோப்பியில் பாலைக் கலந்து அப்படிப் பெயர் வைத்தார்களாம். நீராவி இயந்திரம் வந்தபிறகு இத்தாலிக்காரர்கள் அதற்கு நுரை ஏற்றினார்களாம். கடும் கோப்பி ஒரு பங்கு, சூடான பால் ஒரு பங்கு, நுரை ஒரு பங்கு. பால் கொதிக்கவே கூடாது என்றார்கள். அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. பொங்காத பாலை விருந்தாளிக்குக் கொடுப்பதா?

அன்று மத்தியானத்திலிருந்தே ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தேன். பாயசத்தில் உப்புப் போடப் போய்த் தப்பினேன். "ஸ்லாப் ஆவ், அம்மா" என்று மகள் நோர்வேஜிய மொழியில் அதட்டினாள். அமைதியாக இருக்கட்டுமாம்! அவளோ துடைத்த மேசையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

வந்தார்கள். அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மொழி தெரியாததால் பையன்தான் நடுவில் நின்று சொல்லிக்கொண்டிருந்தான். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, பொரியல் எல்லாம் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். கணவரோ தட்டை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. கேட்டதற்கு "ஓம்", "இல்லை" தவிர வேறு பேச்சில்லை. மகளின் முகம் இறுகிக்கொண்டே போனது.

இனிக் கப்புச்சினோதான் கதி என்று எழுந்தேன். பாலைப் பொங்க வைத்தேன். எங்களிடம் இயந்திரம் ஏது? தேநீர் ஆற்றும் இரண்டு சில்வர் பேணிகளை எடுத்துக் கை எட்டுமட்டும் தூக்கி ஆற்றினேன். நுரை பொங்கி வந்தது. கடும் கோப்பியில் ஊற்றி, சீனி குறைந்தால் மனம் குறைந்தது என்று நினைப்பார்களே என்று மூன்று கரண்டி போட்டு, கொண்டுபோய் வைத்தேன்.

பையனின் முகம் மாறிவிட்டது. மகள் கண்ணை அகல விரித்தாள். அவன் தாயிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அந்த அம்மா அவன் மணிக்கட்டில் மெல்லக் கையை வைத்தார். பிறகு கோப்பையைத் தூக்கி, நிறுத்தி நிறுத்தி, அடிவரை குடித்தார். மேலுதட்டில் நுரையோடு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அத்தோடு விடவில்லை. நுரை எப்படி வந்தது என்று காட்டச் சொல்லிக் குசினிக்குள், அடுப்படிக்கே வந்துவிட்டார். நான் ஆற்றிக் காட்டினேன். பேணியை வாங்கித் தானும் தூக்கி ஊற்றினார். பால், சத்தம் கேட்டு எட்டிப்பார்த்த என் கணவரின் சட்டையில் போய் விழுந்தது! கணவர் சட்டையைப் பார்த்தார். பிறகு, "தாங்கோ, இப்பிடியில்லை" என்று பேணியை வாங்கித் தானே ஆற்றத் தொடங்கினார். அன்று அவர் சிரித்தது அப்போதுதான்.

அவர்கள் போன பிறகு மகள் கதிரையில் விழுந்து, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சொன்னாள்: "அம்மா, அவையள் கப்புச்சினோ விடியத்தான் குடிப்பினம். சாப்பிட்டாப் பிறகு பால் குடிச்சால் செமிக்காது எண்டு தொடவும் மாட்டினம். அவற்ற அம்மா சீனியும் போடுறேல்லை."

எனக்கு உடம்பு கூசிப்போனது. எந்நேரமும் கோப்பி குடிக்கிற இந்த நாட்டில், அதற்கென்று ஒரு நேரம் உண்டென்று நான் எங்கே கண்டேன்? எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேனே என்று அப்படியே நின்றேன்.

கணவர் ஈரச் சட்டையோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இஞ்சாருமப்பா" என்றார். "தெரிஞ்சுகொண்டும் அந்த மனுசி உம்மட மனம் நோகக்கூடாதெண்டு ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடிச்சிருக்கிறா. அந்த வீட்டுக்கு எங்கட பிள்ளையைக் குடுக்கலாம்."

மகள் ஓடிப்போய் அந்த ஈரச் சட்டையைக் கட்டிக்கொண்டாள்.

அந்த அம்மா இப்போது என் சம்பந்தி. வந்தால் காலையில் மட்டும், சீனியில்லாமல் கப்புச்சினோ போடுகிறேன். பால் மட்டும் இன்றும் பொங்கித்தான் இறங்குகிறது. எந்த வீட்டிலாவது எனக்கு ஒத்துவராத ஒன்றை அன்போடு நீட்டினால், முன்பெல்லாம் சட்டென்று "வேண்டாம்" என்றுவிடும் நான், இப்போது அந்த நுரை படிந்த சிரிப்பை நினைத்துக்கொண்டு கையை நீட்டி வாங்கிக்கொள்கிறேன்.