வேப்பம்பூ போட்ட விஸ்கி

பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டலின் மதுக்கூடத்தில் விஸ்கி கலந்து கொடுப்பது என் வேலை. பந்தல்குடிப் பக்கத்துக் கிராமத்தில் கிறிஸ்தவ சபை மூப்பராக இருக்கும் என் அப்பாவுக்கு அது தெரியாதவரை நான் நல்ல மகள். "மக பெரிய ஓட்டல்ல இருக்கா" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

விஸ்கி, கொஞ்சம் சர்க்கரை, சில சொட்டுக் கசப்புச் சாறு, ஆரஞ்சுத் தோல், ஒரு பெரிய ஐஸ் கட்டி: ஓல்டு ஃபேஷன்டு என்பது இவ்வளவுதான். அதையே நம் ஊர்ப் பொருளை வைத்துப் புதிதாகச் செய்துகாட்டச் சொன்னார் மேலாளர். எனக்கு எங்கள் வாசல் வேப்பமரம்தான் நினைவுக்கு வந்தது. அம்மா ரசத்துக்கென்று காயவைத்து அனுப்பும் பூவை வெறும் சட்டியில் வறுத்துக் கருப்பட்டிப் பாகில் ஊறவைத்தேன். முதலில் செய்ததை வாயில் வைக்க முடியவில்லை, சுத்தக் கஷாயம். பூ நன்றாகக் கறுக்கும்வரை வறுத்த பிறகுதான் கசப்பு அடங்கியது. விஸ்கியின் எரிச்சல் இறங்கியதும் அடிநாக்கில் லேசாகக் கசந்து நின்றது. சரியாக வந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. அந்த வேலையில் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் அறுப்புப் பண்டிகைக்கு ஊருக்குப் போனபோது பாகில் ஒரு பாட்டில் எடுத்துப்போனேன். அதில் ஒரு சொட்டு விஸ்கி கிடையாது. எங்கள் சபையில் அவரவர் உழைப்பின் முதற்பலனைப் பீடத்தில் வைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். அந்த வருடம் மழை இல்லாமல் எங்கள் காட்டில் மிளகாயும் இல்லை, பருத்தியும் இல்லை. வெறுங்கையோடு போவதா என்று அம்மா என் பாட்டிலைக் கொண்டுபோய் வைத்துவிட்டாள். அப்பாவே அதை உயர்த்திப் பிடித்து, "எம் மக கையால செஞ்ச பாகு" என்று ஏலம் கூறினார். தடுக்கவே எனக்குத் தோன்றவில்லை. சித்தப்பா விடாமல் கேட்டு அதை எடுத்தார்.

பந்தியில் யாரோ ஒரு புண்ணியவான் அப்பாவிடம் போனை நீட்டினான். ஓட்டல் விளம்பரம். அதே பாகு, அதே நான், கையில் விஸ்கி பாட்டில்.

அப்பா கத்தவில்லை. "பீடத்துல வைக்கிற பொருளா அது?" என்று அம்மாவிடம்தான் கேட்டார். என்னைக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பொழுது சாய்ந்தால் சித்தப்பா ஒயின்ஷாப்பில்தான் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு முன்வரிசையில் இடம் உண்டு. குடிக்கிறவருக்காக ஊரே ஜெபம் பண்ணும், கலந்து கொடுக்கிற மகளின் முகத்தைப் பார்க்க மட்டும் ஆகாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கும் வருகிறது.

மறுநாளே பஸ் ஏறிவிட்டேன். அப்பா அதன்பிறகு என்னோடு பேசவில்லை. சித்தப்பாதான் ஒருநாள் கூப்பிட்டார். "ஏத்தா, அந்தப் பாகு தீந்துபோச்சு. குவாட்டர்ல ஊத்துனா அருமையா இருக்கு. வரும்போது இன்னொண்ணு கொண்டா." போனை வைத்தேன்.

ஓட்டலில் அந்த விஸ்கியைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள். இந்தச் சித்திரையில் பூ தீர்ந்துபோனது. அம்மாவைக் கூப்பிட்டு, அப்பாவுக்குத் தெரியாமல் கொஞ்சம் அனுப்பச் சொன்னேன்.

"பூவுக்கு நான் எங்க போவேன் தாயி? ஒங்கப்பா மரத்த வெட்டிட்டாக."