அக்கா யாரைப் பார்த்தாள்

தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் வயசுப் பெண் தனியாக வெளியே போகக்கூடாது. துணைக்கு ஒரு வாண்டு போகவேண்டும். எட்டு வயதில் அக்காவுக்கு நான்தான் துணை. துணை என்றால் போகும்போது காவல், வந்தபிறகு சாட்சி என்பது எனக்குத் தெரியாது.

அக்கா பசுமலையில் கல்லூரி இரண்டாம் வருஷம் படித்தாள். ஒரு சனிக்கிழமை, தோழி வீட்டில் நோட்டு வாங்கிவருவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு காளவாசலில் பஸ் ஏறினாள். இறங்கியது கல்லூரி மைதானத்தில். பெங்களூரிலிருந்து ராக் இசைக்குழு வந்திருந்தது. இளவட்டங்கள் குதிப்பார்கள் என்று பார்த்தால், மேடையேறிய நால்வருக்கும் தலை நரைத்திருந்தது. முப்பது வருஷமாகச் சேர்ந்து வாசிக்கிறவர்களாம். கூட்டத்தில் பாதி, சினிமாப் பாட்டு கேட்டுக் கூச்சல் போட்டது. நானும் அந்தக் கட்சிதான்.

அக்கா டிரம்ஸ் வாசித்த பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் அவர் கைக்குச்சி ஒன்று ஒடிந்து பறந்தது. மனிதர் முகம் மாறவில்லை. ஒரு கையால் தாளத்தை விடாமல், மறு கையால் பக்கத்துப் பையிலிருந்து வேறு குச்சியை உருவிக்கொண்டார். ஓர் அடி பிசகவில்லை. கூச்சல் போட்டவர்களே வாயடைத்துப் போனார்கள்.

“அவர் காலப் பாருடி,” என்றாள் அக்கா. “கை என்ன பண்ணாலும் கால் அதுபாட்டுக்கு அது வேலையப் பாக்குது. எம்புட்டு நிதானம்.” அவள் கண்ணில் நீர் நின்றது. எனக்குப் பசித்தது.

விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பிவிட்டோம். ஆனால் எங்களை அந்தக் கூட்டத்துக்கு நடுவே பார்த்த யாரோ, அதற்குள் அப்பாவின் கடைக்குப் போய்ப் பற்றவைத்துவிட்டார். அப்பா அக்காவை அறைக்குள் தள்ளி வெளியே தாழ்போட்டார். என்னை முன்னால் நிறுத்தினார். அவர் கத்தியிருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். தணிந்த குரலில் கேட்டார்.

“அக்கா யாரப் பாக்கப் போனா?”

“டிரம்ஸ் வாசிக்கிற தாத்தாவ.”

“அவர எதுக்குப் பாக்கணும்?”

“காலப் பாக்க.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “நல்லாச் சொல்லிக்குடுத்துக் கூட்டியாந்திருக்கா.”

உண்மையைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய்யாகத் தெரிந்தது. தாழ்போட்ட கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா குனிந்து என் தோளைப் பிடித்தார்.

“பயப்படாமச் சொல்லு. நெசத்தச் சொல்லிட்டா அக்காவ ஒண்ணும் செய்யமாட்டேன். யாரு அவன்?”

அவருக்கு ஓர் ‘அவன்’ வேண்டியிருந்தது. கொடுத்துவிட்டால் கதவு திறக்கும்.

“செவப்புச் சட்ட போட்ட அண்ணன்,” என்றேன்.

கதவு திறந்தது. அக்காவை யாரும் அடிக்கவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலையிலேயே அப்பா எழுமலைக்குப் புறப்பட்டார். அங்கே வெகுநாளாகப் பெண் கேட்டுக்கொண்டிருந்த வீட்டாருக்குச் சம்மதம் சொல்லத்தான். இனி கல்லூரிக்குப் போகவேண்டாம் என்று அம்மா அக்காவிடம் சொன்னாள். அக்கா என்னை முன்னால் உட்காரவைத்துச் சடை பின்னத் தொடங்கினாள்.

“செவப்புச் சட்டன்னு யாரடி சொன்ன?”

“யாருமில்ல. சும்மா சொன்னேன். அப்பா நம்பணும்ல.”

அவள் கை நின்றது. பிறகு அவள் உடம்பு குலுங்குவது சடை வழியே எனக்குத் தெரிந்தது. சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன்.